78 தட்டுக்கு எது சரி: சாவி கிராமபோனா, சூட்கேஸ் பிளேயரா, டர்ன்டேபிளா?

ஆம்ப்ரோஸ், லூ ஸ்டோன், ரே நோபில், ராய் ஃபாக்ஸ், ஜாக் ஹில்டன். 1930களில் லண்டனில் நடன இசை வாசித்த குழுக்களின் தலைவர்கள் இவர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இவர்களுடைய ஷெல்லாக் தட்டுகள் ஐம்பது, அறுபது ஒருசேரக் கிடைத்துவிட்டால் உடனே எதிலாவது போட்டுக் கேட்கத்தான் கை பரபரக்கும். எண்பது, தொண்ணூறு வருடம் தப்பிப் பிழைத்த தட்டு அந்த முதல் வாரத்தில் கெட்டுப்போவது அப்படித்தான். ஊசி ஓடும் பள்ளத்தின் சுவர் தேய்ந்தால் தேய்ந்ததுதான். எந்தக் கழுவலும் எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது.

போட்டுக் கேட்க மூன்று வழிகள் உண்டு: சாவி கொடுக்கும் கிராமபோன், சல்லிசாகக் கிடைக்கும் சூட்கேஸ் பிளேயர், 78 சுற்று வேகமும் அதற்குரிய ஊசியும் உள்ள டர்ன்டேபிள். விலை, சத்தம், அழகு என்று எதை வைத்தும் இவற்றை ஒப்பிடலாம். இங்கே ஒப்பிடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்து: இது பள்ளத்தை என்ன செய்கிறது? அப்படிப் பார்த்தால் பணம் எந்த வரிசையில் போகவேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். முதலில் ஊசி, அடுத்து கழுவும் சாமான், பிறகு சுழற்றும் இயந்திரம், கடைசியில் புதிய தட்டுகள். பெரும்பாலோர் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள்.

சாவி கிராமபோன்

ஷெல்லாக் என்பது நம் அரக்குதான். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே கப்பலேறியது. ஆனால் ஒரு தட்டில் அரக்கு மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் சிலேட்டுத் தூள், சுண்ணாம்புக்கல் தூள், கரி, கொஞ்சம் பஞ்சிழை. கல் தூளைத் தெரிந்தேதான் சேர்த்தார்கள். புது எஃகு ஊசியின் முனை எந்தப் பள்ளத்துக்கும் சரியாகப் பொருந்தாது. முதல் சில சுற்றுகளில் கல் தூள் அதை அரைத்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும், அதன்பின் ஊசி பொருந்தி ஓடும். அதாவது தேய வேண்டியது ஊசி, தேயக் கூடாதது தட்டு என்பது ஏற்பாடு.

மூன்று நிமிடம் ஓடி முடிந்த ஊசியைக் கழற்றிப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். கூர்முனையின் இரண்டு தோளிலும் தட்டையாக வெட்டு விழுந்து, உளி முனைபோல ஆகியிருக்கும். அதே ஊசியை மறுபக்கத்தில் வைத்தால் அந்த உளி பள்ளத்தின் சுவரைச் சீவிக்கொண்டே போகும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று அந்தக் காலத்து டப்பாக்களிலேயே அச்சடித்தது இதற்காகத்தான். 200 ஊசி உள்ள டப்பா நூறு தட்டுகளை ஒரே ஒரு தரம் இரு பக்கமும் கேட்கத்தான் வரும். சிக்கனம் பார்ப்பவருக்குச் சாவி கிராமபோன் ஆகாது.

இதில் நல்ல ஊசி போட்டாலும் பாரம் குறையாது. ஊசியும் அதிரும் தகடும் பொருந்திய தலைப்பகுதியான சவுண்ட் பாக்ஸின் எடை 100 கிராமுக்கு மேல் பள்ளத்தில் இறங்குகிறது. ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் நவீன கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 கிராமில் வேலையை முடிக்கிறது. அதிலும் சவுண்ட் பாக்ஸின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் தகடு அசையாது, ஊசிதான் பள்ளத்தோடு மல்லுக்கட்டும். சோதிப்பது எளிது. ஊசியைப் பொருத்தி நுனியை நகத்தால் மெல்லச் சுண்டினால் உள்ளே தெளிவாக ‘டக்’ என்று கேட்க வேண்டும். கரகரப்போடு அதிர்ந்தாலோ மொண்ணையாகக் கேட்டாலோ வளையங்களை மாற்றாமல் ஒரு தட்டும் போடாதீர்கள். உரத்த டிரம்பெட் வரும் இடங்களில் மட்டும் சிலம்பினாலும் நோய் அதுவேதான்.

இவ்வளவு சொன்னபின் நியாயமும் சொல்ல வேண்டும். 1931-ல் வந்த எச்எம்வி 102 போன்ற கையடக்க கிராமபோன், ஒலிவாங்கி வைத்து மின்முறையில் பதிவான தட்டுகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஓரளவு தேயாத ஒரு நடனக்குழுத் தட்டு அதில் கொடுக்கும் சுறுசுறுப்பு, பித்தளை வாத்தியங்களின் அந்த வெட்டு, அறையை நிறைக்கும் விதம் எல்லாம் வேறு ரகம். ஒலிபெருக்கி வழியாக அது வருவதில்லை. எங்கும் கிடைக்கும் மலிவுத் தட்டுகள் ஒரு இருபதை இதற்கென ஒதுக்கிவிட்டு, நல்ல தட்டுகளை அதன் பக்கமே கொண்டுபோகாமல் இருப்பதே சரியான ஏற்பாடு. ‘லவுட்’ ஊசிக்குப் பதில் ‘சாஃப்ட்’ ஊசி போட்டால் சத்தமும் தேய்மானமும் குறையும். போருக்குப் பின் வினைலில் அச்சான ‘உடையாத’ 78-ஐ எஃகு ஊசியில் போட்டால் ஒரே ஓட்டத்தில் கதை முடிந்தது.

சந்தையில் பளபளக்கும் பித்தளைக் குழலும் புத்தம்புதுப் பெட்டியும் நாய் படமுமாக ‘ஆன்டிக் கிராமபோன்’ என்று விற்பவற்றைத் தொட வேண்டாம். பழைய மோட்டார் ஒன்றோடு கண்ட உதிரிகளையும் சேர்த்து நம் நாட்டிலேயே கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பொருள் அது. சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் டோன்ஆர்மின் கோணம் தப்பாக இருக்கும், சவுண்ட் பாக்ஸ் சிலம்பும். அலமாரி அழகுக்கு வேண்டுமானால் ஆகும்.

சூட்கேஸ் பிளேயர்

இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 33, 45, 78 என்று மூன்று வேகமும் இருக்கும். அதைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். வேகம் இருந்தால் போதாது. இதோடு வரும் ஊசி 33 சுற்றில் ஓடும் வினைல் எல்பி தட்டுக்கானது. முனை சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்கு வேண்டியது ஏறக்குறைய 3 மில், 76 மைக்ரான். நான்கு மடங்கு சிறிய முனை சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் போய் விழும். அங்கே இருப்பது தொண்ணூறு வருடத்து எஃகுத் தூளும் அழுக்கும். அதனால்தான் இரைச்சல் மழை பெய்வதுபோல் கேட்கிறது, பாட்டு அதற்குப் பின்னால் எங்கோ ஒலிக்கிறது. ‘78 தட்டு என்றாலே இப்படித்தான் இரையும்’ என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது இந்தப் பெட்டிகளின் புண்ணியம்.

தட்டு உடனே பாழாவதில்லை. ஆனால் கல் தூள் அந்தச் சின்ன ஊசியைச் சீக்கிரம் அரைத்துவிடும். பிறகு அதே ஊசியில் எல்பி போட்டால் எல்பி போச்சு. சில பெட்டிகளுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கும். ஏற்கெனவே பெட்டி இருந்தால் அதை மட்டும் வாங்கி மாட்டுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்த வழியே வேண்டாம்.

டர்ன்டேபிள்

எங்கள் ஓட்டு இதற்குத்தான், ஆனால் நிபந்தனைகளோடு.

முதல் நிபந்தனை வேகம். எல்லா டர்ன்டேபிளிலும் 78 கிடையாது. செகண்ட் ஹேண்டில் அதிகம் கைமாறும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வில் 33, 45 மட்டுமே. அதே வரிசையின் எம்கே7-ல் 78 உண்டு. ஆடியோ டெக்னிக்கா எல்பி120-லும் உண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபொத்தானோடு. பழைய கேரார்ட் 301, 401, லென்கோ எல்75 கிடைத்தால் யோசிக்க வேண்டாம். ஷெல்லாக் காலத்துக்குப் பழக்கப்பட்ட இயந்திரங்கள் அவை.

இந்த வேகச் சரிசெய்தல் ஆடம்பரமல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சார நாடுகளில் 78 என்பது உண்மையில் 77.92 சுற்று, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 78.26. இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஆனால் 1920களின் பிரிட்டிஷ் கொலம்பியா தட்டுகள் பல 80 சுற்றுக்குப் பதிவானவை, லேபிளிலேயே 80 என்று போட்டிருக்கும். அதை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி இறங்கிவிடும், ஆட்டத்தின் துள்ளலும் போய்விடும். வேகத்தைச் சரிபார்க்க 77 கோடு உள்ள ஸ்ட்ரோபாஸ்கோப் தாளை நம் ஊர் மின்விளக்கின் கீழ் சுழலவிட்டுப் பார்க்கலாம், கோடுகள் நின்றாற்போல் தெரிய வேண்டும். இதற்குப் பழைய குண்டு பல்பு அல்லது நியான் விளக்கு வேண்டும். பல எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை, அதன் கீழ் கோடு ஒருபோதும் நிற்காது.

அடுத்தது ஊசி. இதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பலன். தொடங்குபவருக்கு 3 மில் உருண்டை முனை போதும். ஆடியோ டெக்னிக்கா விஎம்95 கார்ட்ரிட்ஜில் எஸ்பி என்ற 78 ஊசி, ஆர்ட்டோஃபோன் 2எம் 78 (இதன் முனை சற்றுச் சிறியது, சுமார் 2.6 மில்) ஆகியவை புதிதாகவே விற்பனையில் உள்ளன. விஎம்95-ல் வசதி என்னவென்றால், உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் இழுத்துக் கழற்றி எல்பி ஊசிக்கும் 78 ஊசிக்கும் மாறிக்கொள்ளலாம். மாற்றும்போதெல்லாம் பாரத்தைத் திரும்ப அளந்து வையுங்கள், இரண்டுக்கும் பாரம் வேறு.

சேகரிப்பு நூறைத் தாண்டினால் இரண்டாவது, மூன்றாவது ஊசி அவசியமாகிறது. காரணம் இது. எஃகு ஊசிகள் பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசியிருக்கும். அந்தப் பட்டை தேய்ந்திருந்தாலும் அதற்கு மேலும் கீழும் சுவர் புதுசாகவே இருக்கலாம். 3 மில் ஊசியில் கரகரக்கும் தட்டு 2.5 மில்லில் கீழே இறங்கியோ 3.5 மில்லில் மேலே ஏறியோ சுத்தமாகப் பேசுவதுண்டு. இதற்கென்றே முனை மழுங்கடித்த நீள்வட்ட வைர ஊசிகளை இங்கிலாந்தின் எக்ஸ்பர்ட் ஸ்டைலஸ் நிறுவனம் அளவு சொன்னால் செய்து தருகிறது. மழுங்கிய முனை அடியில் கிடக்கும் குப்பையைத் தொடாது. மின்முறைக் காலத்து நடனக்குழுத் தட்டுகளுக்கு 2.5 முதல் 2.8 மில் வரை ஒன்று, 3.3-ஐ ஒட்டி ஒன்று இருந்தால் பெரும்பாலான தட்டுகளைச் சமாளிக்கலாம். ‘தேய்ந்த தட்டு’ என்று ஒதுக்கிய குவியலை இரண்டாவது ஊசியோடு மறுபடி கேட்டுப்பார்த்தால் சில ஆச்சரியங்கள் காத்திருக்கும்.

மூன்றாவது, ஒலிச்சமன், அதாவது தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் உள்ள அளவைச் சரிசெய்வது. கார்ட்ரிட்ஜின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் இன்றைய ஃபோனோ பிரீஆம்ப் எல்லாம் ஆர்ஐஏஏ என்ற 1950களின் விதிப்படி வேலை செய்பவை. எல்பிக்கு அது சரி. 1930களின் பிரிட்டிஷ் தட்டில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும்தான் தாழ்ந்த ஒலியான பேஸைக் குறைத்துப் பதிந்தார்கள், மேலே ஏறக்குறைய அப்படியே விட்டார்கள். ஆர்ஐஏஏ வழியாக அதைக் கேட்டால் 100 ஹெர்ட்ஸில் சுமார் 5 டெசிபல் அதிகமாகவும், 5000 ஹெர்ட்ஸில் சுமார் 8 டெசிபல் குறைவாகவும் வரும். கம்பளிக்குள் இருந்து வாசிப்பதுபோல் இருக்கும். இரைச்சலும் கூடவே அமுங்குவதால் பலர் இதைச் ‘சுத்தமான ஒலி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிம்பலும் கிதார் மீட்டலும் எங்கே போயின என்று கேட்பதில்லை. ஆம்ப்ளிஃபயரில் பேஸ், டிரெபிள் குமிழிருந்தால் பேஸைக் கொஞ்சம் இறக்கி டிரெபிளை நன்றாக ஏற்றினாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும். கணினியில் ஏற்றுபவர் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் முதலில் ஆர்ஐஏஏ வளைவைத் தலைகீழாகப் போட்டு நீக்கி, பிறகு 250 ஹெர்ட்ஸ் வளைவைப் போட வேண்டும்.

எந்தத் தட்டு எந்த முறையில் பதிவானது என்று தட்டே சொல்லும். லேபிளுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட வழவழப்பில் பொறித்த எண்ணைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். எச்எம்வி தட்டில் எண்ணுக்குப் பின்னால் சிறு முக்கோணம் இருந்தால் 1925-ல் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறை, சதுரம் இருந்தால் பொறியாளர் பிளம்லைன் வடிவமைத்த, எச்எம்வியின் தாய் நிறுவனமான இஎம்ஐ-யின் சொந்த முறை. கொலம்பியாவில் வட்டத்துக்குள் டபிள்யூ இருந்தால் வெஸ்டர்ன் எலக்ட்ரிக். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பதிவுகளுக்கும் 250-லிருந்து தொடங்கிக் காதால் முடிவு செய்யலாம்.

கடைசியாக, மோனோ. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் பள்ளத்தின் மேல்கீழ் அசைவையும் படிக்கும். இந்தத் தட்டுகளில் இசை இருப்பது பக்கவாட்டு அசைவில் மட்டும், மேல்கீழில் இருப்பது வெறும் இரைச்சல். ஆம்ப்ளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்தினால் அந்த இரைச்சல் ரத்தாகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லாத முன்னேற்றம்.

78 வேகம் இல்லாத நல்ல டர்ன்டேபிள் ஏற்கெனவே இருக்கிறதா? 78 ஊசியை மட்டும் வாங்கி, தட்டை 45-ல் ஓட்டிக் கணினியில் பதிந்து, மென்பொருளில் 1.733 மடங்கு வேகப்படுத்தலாம். நெளிந்த தட்டுகளுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி, மெதுவாகப் போகும்போது ஊசி துள்ளாது. ஒரு எச்சரிக்கை: ஆர்ஐஏஏ-வை நீக்குவதை வேகம் மாற்றும் முன்பே செய்ய வேண்டும். பின்னால் செய்தால் வளைவு இடம் மாறி விழும்.

கழுவுவதிலும் மூன்று வழி

எந்த வழியானாலும் ஒரு விலக்கு பொது: ஆல்கஹால் கூடாது. அரக்கு அதில் கரையும், வார்னிஷ் செய்யும் தச்சருக்கு இது தெரியும். எல்பிக்கென்று விற்கும் கழுவு திரவங்கள் பலவற்றில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் உண்டு. கண்ணாடி துடைக்கும் நீல திரவமும் வேண்டாம். கையில் சானிட்டைசர் தடவிய ஈரத்தோடு தட்டைத் தொட்டால் விரல்ரேகை அப்படியே பதிந்துவிடும்.

கையால் கழுவுவது மலிவு, ஐம்பது தட்டு வரை இதுவே போதும். முதலில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து விரிசல் தேடுங்கள், விரிசல் உள்ளதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது. உலர்ந்த மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தூசி தட்டுங்கள். பூஞ்சை இருந்தால் இதை வெளியே வைத்து, மூக்கை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் புகைப்படம் கழுவும் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஈரமூட்டித் திரவம் 3 முதல் 5 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். நீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும். லேபிளின் இரு பக்கமும் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் மூடியைப் போல்ட் போட்டு இறுக்கினால் லேபிள் நனையாது. மெல்லிய வண்ணப்பூச்சுப் பட்டையால் நான்கைந்து சுற்று, அதைக் காயவிடாமல் வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசல், மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்தல், பிறகு பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டில் நிறுத்தி மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். குழாய்த் தண்ணீரில் அலசினால் உப்பு பள்ளத்துக்குள் வெள்ளையாகப் படிந்து, கழுவும் முன்பு இல்லாத பொரிச்சலைக் கொடுக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு அதிகமானாலும் அப்படித்தான்.

கையால் கழுவுவதன் குறை, ஒற்றியெடுக்கும்போது குழம்பான அழுக்கில் ஒரு பகுதி பள்ளத்திலேயே தங்கிவிடுவது. ஒக்கி நொக்கி, விபிஐ போன்ற உறிஞ்சும் இயந்திரங்கள் அதை இழுத்து வெளியே எடுத்துவிடும். இருநூறு தட்டுக்கு மேல் வைத்திருப்பவர், கையால் நன்றாகக் கழுவியும் ‘சர்’ என்ற அடியிரைச்சல் குறையாதவர் இதற்குப் பணம் போடலாம். உறிஞ்சு குழாயின் வெல்வெட் பட்டையை எல்பிக்கும் 78-க்கும் பொதுவாக வைக்காதீர்கள். 78-லிருந்து வரும் கல் தூள் எல்பியில் கீறும்.

அல்ட்ராசோனிக் தொட்டி வினைலுக்கு அருமையானது. ஷெல்லாக்குக்கு எங்கள் பரிந்துரை: வேண்டாம். தொட்டி நீர் ஓடஓடச் சூடாகும், தட்டு அதில் நீண்ட நேரம் ஊறும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் பெரிதாகும். கொலம்பியாவின் அடுக்குத் தட்டுகளில் ஓரத்து வழியாக நீர் உள்ளே போனால் மேல்தோல் உரியும்.

ஒரே பாட்டு, பல அச்சு

தட்டு வாங்கும்போது குழுவின் பெயரை மட்டும் பார்த்து எடுப்பது தவறு. பிரிட்டிஷ் கொலம்பியா 1920களிலிருந்தே நடுவில் மட்டமான கலவை, அதன் மேல் காகிதம், அதற்கு மேல் மென்மையான அரக்கு என்று அடுக்கி அச்சிட்டது. அமைதியான தளம் அது. ஆஸ்திரேலியாவின் ஹோம்புஷ் ஆலையில் அச்சான தட்டுகளும் இதே அடுக்கு முறை, பல சேகரிப்பாளர்கள் பிரிட்டிஷ் அச்சைவிட அவற்றைத் தேடுவார்கள். மறுபுறம், 1930களின் பிரிட்டிஷ் டெக்கா புதுசாக இருக்கும்போதே இரையும் தட்டு. லூ ஸ்டோன் லண்டனின் மான்செய்னர் உணவகத்தில் வாசித்த காலத்துப் பதிவுகள் பெரும்பாலும் அதில்தான் வந்தன, வேறு வழியில்லை. ஊசி அளவு மாற்றிப் பார்க்கும் வித்தை அதிகம் பலிப்பது இந்த டெக்கா தட்டுகளில்தான்.

நம் ஊர்ப் பழைய கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. இங்கிலாந்து எண்ணையே தாங்கி, லேபிளில் இந்தியத் தயாரிப்பு என்ற வரியோடு வரும். பிரிட்டிஷ் நடனக்குழுத் தலைவர் விக்டர் சில்வெஸ்டரின் தட்டுகள் இப்படி ஏராளம் உண்டு. போர்க்கால அச்சுகள் எங்கும் தரம் குறைந்தவை. அரக்குத் தட்டுப்பாட்டில் பழைய தட்டுகளை அரைத்துப் புதுசு செய்த காலம் அது. டம்டம் தட்டு கேட்கப் போதும், இங்கிலாந்து விலை கொடுக்கத் தேவையில்லை.

பிரிட்டனின் உல்வொர்த் கடைகளில் ஆறு பென்னிக்கு விற்ற எட்டு அங்குல எக்ளிப்ஸ், ஒன்பது அங்குல கிரவுன் போன்ற மலிவு லேபிள்களை அற்பமாக எண்ண வேண்டாம். நல்ல வாத்தியக்காரர்கள் புனைபெயர்க் குழுக்களில் அவற்றில் வாசித்திருக்கிறார்கள். ஆனால் சொந்தமாகக் கேட்டு வாங்க முடிந்தால் மட்டும் எடுங்கள், பெரும்பாலானவை தேய்ந்து போனவை.

தேய்மானத்தைக் கண்ணாலேயே ஓரளவு பிடிக்கலாம். பள்ளம் கறுப்பாக மின்ன வேண்டும். சாம்பல் பூத்தாற்போல், அதுவும் உரத்த இடங்களில் பட்டைபட்டையாக வெளுத்திருந்தால் சுவர் போய்விட்டது. கேட்டுப் பார்க்க அனுமதித்தால் முதல் முப்பது விநாடியைக் கேட்டு ஏமாறாதீர்கள். உட்புறப் பள்ளம்தான் அதிகம் தேயும். முழுக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் கடைசி முப்பது விநாடியைக் கேளுங்கள். அங்கே பித்தளை வாத்தியம் உடைந்து கரகரக்காவிட்டால் தட்டு நல்லது.

வைப்பது பற்றிச் சுருக்கமாக: நிமிர்த்தி, சாயாமல், பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு தடுப்புப் பலகையோடு. பத்து அங்குலத்தையும் பன்னிரண்டு அங்குலத்தையும் கலக்காதீர்கள். பத்து அங்குலத் தட்டு நூறு வைத்தால் சுமார் 20 கிலோ, மெலிந்த புத்தக அலமாரி வளையும். கழுவிய தட்டைப் பழைய உறையில் திரும்பப் போட்டால் கழுவியது வீண். அமிலமில்லாத காகித உறை போதும், பிவிசி உறை கூடாது. காங்கிரீட் தளத்துக்குக் கீழே உள்ள பரண் இந்தத் தட்டுகளுக்கு அடுப்பு, ஒரு கோடையிலேயே கிண்ணமாக வளைத்துவிடும். கடலோர ஊர்களில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், பூஞ்சை முதலில் லேபிளில்தான் பூக்கும்.

தட்டே வாங்காமல்

இதுவும் ஒரு தேர்வுதான். இசை மட்டும் வேண்டும் என்பவருக்கு மறுவெளியீடுகளே புத்திசாலித்தனம். 1970களில் வந்த இஎம்ஐ-யின் வேர்ல்ட் ரெக்கார்ட்ஸ் எஸ்எச் வரிசை எல்பிகள் கவனமாகத் தொகுக்கப்பட்டவை. குறுந்தகடுகளில் ஜான் ஆர். டி. டேவிஸ் பழைய தட்டுகளிலிருந்து மாற்றிக் கொடுத்தவை இன்றும் அளவுகோல். இரைச்சலைக் கொல்லாமல் இசையைக் காப்பாற்றத் தெரிந்தவர் அவர். தவிர்க்க வேண்டியவை இரண்டு: ‘ஸ்டீரியோ ஆக்கப்பட்டது’ என்று போட்டவை, இரைச்சலே கேட்காத அளவுக்கு வடிகட்டியவை. பின்னதைக் கண்டுபிடிக்க மெதுவான பாட்டில் பாடகர் மூச்சிழுக்கும் இடத்தைக் கேளுங்கள். ஆல் பௌலி போன்றவர்கள் ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று பாடியவர்கள். மூச்சு கேட்காவிட்டால், சொல்லின் கடைசியில் ‘ஸ்’ மொண்ணையாக முடிந்தால், வடிகட்டி இசையையும் தின்றுவிட்டது.

தட்டு வைத்திருப்பவரோ கழுவிய உடனே ஓடும் முதல் ஓட்டத்தைக் கணினியில் பதிந்துவிட வேண்டும், அதன்பிறகு அடிக்கடி தட்டைத் தொடவேண்டிய தேவை குறையும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வேவ் கோப்பு. மூன்று நிமிடப் பக்கம் சுமார் 104 எம்பி ஆகும், நூறு தட்டுக்கு 21 ஜிபிக்குள். மோனோவாகப் பதியாதீர்கள். பள்ளத்தின் ஒரு சுவர் அதிகம் தேய்ந்திருந்தால் மற்ற சுவரின் ஒலியை மட்டும் பின்னால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஸ்டீரியோ கோப்பில்தான் இருக்கும். பதிந்த மூலக் கோப்பில் கைவைக்காமல், பொரிச்சல் நீக்குவதை நகலில் மட்டும் செய்யுங்கள். தானியங்கி நீக்கியைக் கூட்டி வைத்தால் டிரம்பெட்டின் முதல் வெடிப்பையே பொரிச்சல் என்று எடுத்து வெட்டிவிடும்.

ஒரே தட்டின் இரண்டு பிரதிகள், ஒன்றில் தொடக்கம் கீறல், மற்றதில் உட்புறம் தேய்ந்தது என்றால் இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் பதிவு எடுக்கலாம். இரண்டு லேபிளிலும் ஒரே எண் இருந்தால் போதாது, வழவழப்பில் பொறித்த டேக் எண்ணும் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது என்ற எண்) ஒன்றாக இருக்கவேண்டும். வேறு டேக்கென்றால் வேறு வாசிப்பு, ஒட்டவே ஒட்டாது. இரண்டையும் ஒரே ஊசியில், ஒரே நாளில், ஒரே பாரத்தில் பதிந்து, வேகத்தை நூறில் ஒரு பங்குக்குள் ஒன்றாக்குங்கள். வெட்டும் இடத்தை நீண்ட ஸ்வரத்தின் நடுவில் வைத்தால் தையல் தெரியும். டிரம்ஸ் அடி விழுவதற்குச் சில மில்லிவிநாடி முன்னால் வைத்தால், அடி வந்து தையலை மூடிவிடும்.